பாபநாசத்துத் தண்ணீரும் பழைய மில்லும்

(விக்கிரமசிங்கபுரம் பகுதியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வரும் வழியில் ஆற்றங்கரையில் ஒரு நிமிஷம் நின்றேன். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த தோழர் ஒருவர் படித்துறையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு. பக்கத்துப் படியில் நடவு முடிந்து வந்த தாயார் ஒருவர் முழங்கால் சேற்றைக் கழுவினார். பஞ்சும் சேறும் ஒரே தண்ணீரில் கரைந்து கிழக்கே போயின. இன்றைக்கு நான் பேச வேண்டியதை அந்தப் படித்துறையே பேசிவிட்டது. நான் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

பாபநாசத்து அணைகளின் சரித்திரத்தையும் பழைய மில்லின் சரித்திரத்தையும் பேசச் சொன்னார்கள். பழங்கதை பேசிப் பொழுது போக்க நமக்கு நேரமில்லை. காலையில் நடவும் இருக்கிறது, ஷிப்டும் இருக்கிறது. ஆனாலும் இந்தச் சரித்திரம் நமக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால், தண்ணீர் குறைகிற ஒவ்வொரு வருஷமும் நம்மை இரண்டாகப் பிரித்து மோத விடுவதற்கு ஒரு பொய் புறப்பட்டு வருகிறது. அந்தப் பொய்யை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டுத் திண்ணையில்.

எங்கள் வீட்டுச் சண்டை

என் தகப்பனார் வயலில் கூலிக்குப் போனவர். என் தாய்மாமன் வேறொரு ஊரில் பஞ்சாலைத் தொழிலாளி. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கோடை. மழை பொய்த்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் இல்லை. மில்லில் மின்சார வெட்டு. மாமா விடுமுறைக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சு மூண்டுவிட்டது.

"ஒங்க மில்லு ஓடணும்னுதான் மேல தண்ணிய அடைச்சு வச்சிருக்கான், மாப்ளே. இங்க நாத்து கருகுது" என்றார் அப்பா.

"நல்லாச் சொன்னிய அத்தான்! மில்லுல கரண்டு இல்லாம பாதிச் சம்பளத்துக்கு ஒக்காந்திருக்கோம். கரண்டு பூராவும் ஒங்க வயக்காட்டு பம்பு செட்டுக்குத்தான் போவுது" என்றார் மாமா.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பம்பு செட்டு என்னுதா, மாப்ளே? பண்ணையாருதுல்லா?"

மாமாவும் யோசித்தார். "மில்லும் என்னுது இல்லையே, அத்தான்" என்றார்.

அப்போது ஆச்சி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்: "ரெண்டு பேரும் மூஞ்சியக் கழுவிட்டுச் சோறு திங்க வாங்க. கழுவுத தண்ணி ஒண்ணுதானல?"

தோழர்களே! பம்பு செட்டும் தன்னுடையதல்ல, மில்லும் தன்னுடையதல்ல. ஆனால் சண்டை மட்டும் தன்னுடையது என்று இரண்டு உழைப்பாளிகள் எப்படி நம்பினார்கள்? அதற்கு விடை தேடித்தான் இந்த ஆற்றின் கதையைப் பார்க்கப் போகிறோம்.

பசு காட்டிய வழி, மண்வெட்டி பிடித்த கை

நம்முடைய தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் அதன் ஓட்டம். பிறப்பதும் நம் மண்ணில், கடலில் விழுவதும் நம் மண்ணில். தென்மேற்குப் பருவக் காற்றும் அதற்கு மழை தருகிறது. வடகிழக்குப் பருவக் காற்றும் மழை தருகிறது. அதனால்தான் இங்கே கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு போகம்.

இந்தக் கரையில் நெல் என்றைக்கு வந்தது? ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் சிவகளையில் தமிழக அரசு அகழாய்வு செய்தது. முதுமக்கள் தாழி ஒன்றில் நெல்உமி கிடைத்தது. அதைச் சோதித்ததில் ஏறக்குறைய 3,200 ஆண்டு வயது என்று தெரிய வந்ததாக 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அரண்மனை இடிந்து போகும், கிரீடம் துருப்பிடிக்கும். ஆனால் கூலியாள் தூற்றிய உமி 3,200 ஆண்டு கழித்தும் சாட்சி சொல்ல வருகிறது!

நெல் விளைய வேண்டுமானால் ஆற்றைத் திருப்ப வேண்டும். மலை இறங்கியதும் கடல்வரை இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரன் காலத்தில், 1870-களில் கட்டி முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு நெடுங்காலம் முந்தியவை. இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றால் பாசனம் பெறும் நிலம் 86,107 ஏக்கர்.

இந்தப் பழைய அணைக்கட்டுகளின் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். அவை ஆற்றை மறித்து நிற்கவில்லை. ஆற்றுக்குச் சாய்வாக, சில இடங்களில் குதிரை லாடம்போல் வளைந்து, தாழ்ந்து கிடக்கின்றன. வேண்டிய தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பும். வெள்ளம் வந்தால் தலைக்கு மேல் போக விடும். கல்லை எங்கே போட்டால் நிற்கும், எங்கே போட்டால் புரளும் என்பதைக் காலால் ஆழம் பார்த்துக் கற்றவர்களின் வேலை அது.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு கால்வாய் வெட்ட நினைத்தாராம். ஒரு பசு வழி காட்டியதாம். பசு நடந்த வழியே கால்வாய். அது சாணம் போட்ட இடத்தில் மடை. படுத்த இடத்தில் குளம். கேட்க நன்றாக இருக்கிறது. கன்னடியர் பணம் கொடுத்தார்; பசு வழி காட்டியது; சரி. கல்லிடைக்குறிச்சிப் பக்கமிருந்து சேரன்மகாதேவி, பத்தமடை தாண்டிக் கால்வாய் போகிறதே, அந்த மண்ணை வெட்டிச் சுமந்தது யார்? பசுவுக்குக் கிடைத்த பெயர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை!

வெட்டியதோடு முடிந்ததா? வருஷா வருஷம் தூர் எடுக்க வேண்டும்; கரை கட்ட வேண்டும்; உடைப்பை அடைக்க வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். 'குடி' என்றால் ஊரார் எல்லாரும் என்றுதான் பொருள். ஆனால் நிலம் யாருக்கோ, மண் சுமப்பது யாரோ என்று ஆகிவிட்டது. 1858-ல் வெள்ளை சர்க்கார் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. கரை உடையப் போகிறது என்றால் கூலி ஜனங்களைப் பிடித்து வேலை வாங்கலாம், வராதவனுக்குத் தண்டனை. குளம் நிரம்பினால் விளைச்சலில் பங்கு உண்டா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கரை உடைந்தால் முதுகு வளைக்க வா என்று மட்டும் கூப்பிட்டது.

அருவியைத் தேடி வந்த மில்

இப்படி வயலுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஆற்றுக்கு 1880-களில் இன்னொரு வேலை வந்தது. ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற வெள்ளைக்காரச் சகோதரர்கள் பாபநாசத்து அருவிக்குக் கீழே நூல் மில் தொடங்கினார்கள். திருநெல்வேலி மில் என்று அதற்குப் பெயர்.

மதுரை இருக்க, தூத்துக்குடித் துறைமுகம் இருக்க, மலையடிவாரத்துச் சிற்றூருக்கு ஏன் வந்தான் முதலாளி? அகத்தியரைத் தரிசிக்கவா? இல்லை. அருவியின் இறக்கத்துக்காக வந்தான்.

அந்தக் காலத்தில் மில் ஓட நிலக்கரி வேண்டும். நிலக்கரி கப்பலில் வர வேண்டும். காசு கொடுக்க வேண்டும். ஆனால் மேலிருந்து விழுகிற தண்ணீருக்குக் காசில்லை. அதை ஒரு வாய்க்காலில் திருப்பி, குழாயில் இறக்கி, சக்கரத்தின் மேல் விட்டால் சக்கரம் சுழலும். சக்கரத்தோடு சேர்ந்த அச்சு சுழலும். அச்சிலிருந்து வார் போட்டால் கார்டிங் சுழலும், கதிர் சுழலும், பஞ்சு நூலாகும். பொதிகையில் பெய்த மழை நூலாகத் திரிகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சல்ல. யந்திரக் கணக்கே அதுதான்.

இரண்டாவது காரணம் பருத்தி. மாவட்டத்தின் கிழக்கிலும் வடக்கிலும் கரிசல் பூமி. மூன்றாவது காரணம்தான் முக்கியம். அது கை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் 1876–78 பஞ்சம் முடிந்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. மாட்டையும் நிலத்தையும் இழந்த ஜனங்கள் எந்தக் கூலிக்கும் வர நின்ற காலம் அது. தண்ணீர் இனாம், கை மலிவு. மில் எழுந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் வந்ததே 1900-க்குப் பிறகுதான். அதற்கு முந்திய காலமெல்லாம் பஞ்சுப் பொதியும் யந்திரமும் மலையடிவாரத்துக்கு எப்படி வந்தன? மாட்டு வண்டியில்தான். ஆகவே இந்த மில்லின் முதல் தொழிலாளி கதிரின் முன்னால் நின்றவன் மட்டுமல்ல. ராத்திரியெல்லாம் வண்டியடித்து வந்தானே, அவனும்தான்.

உள்ளே நிலைமை என்ன? இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதன் அர்த்தம் என்ன? ஏழு வயதுப் பிள்ளையை வைக்கலாம்! ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வாங்கலாம்! பெரியவர்களுக்கு மணிக் கணக்கே இல்லை. 1891-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒன்பது வயதுக்குக் குறைந்தால் கூடாது. பெண்களுக்குப் பதினோரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆண் தொழிலாளிக்கு அப்போதும் மணிக் கணக்கு இல்லை. 1911-ல்தான் பஞ்சாலையில் வளர்ந்த ஆணுக்குப் பன்னிரண்டு மணி என்று எல்லை போட்டார்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 1891-லேயே எழுதிவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு இது வேண்டும்.

தூத்துக்குடியில் ஒன்பது நாள்

ஹார்விகள் பாபநாசத்தோடு நிற்கவில்லை. தூத்துக்குடியில் கோரல் மில். மதுரையில் மதுரா மில். பின்னால் எல்லாம் மதுரா மில்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. 1970-களில் அது வெளிநாட்டு நூல் கம்பெனியான கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஆகவே பாபநாசத்து மில்லின் சரித்திரத்தைப் பாபநாசத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஆறு போகும் வழியே கிழக்கே போக வேண்டும்.

1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு. வேலை நேரக் குறைப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு. கவனித்தீர்களா, தோழர்களே? வார ஓய்வு சட்டத்தில் ஏறிப் பதினேழு வருஷம் கழித்து, அதே ஓய்வுக்காகத் தொழிலாளி தெருவில் நிற்கிறான்! ஏட்டில் உள்ள சட்டம் வேறு. கைக்கு வரும் சட்டம் வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தொழிலாளியின் ஒற்றுமைதான் கடக்கிறது.

அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். ஊரும் துணை நின்றது. வேலைநிறுத்தத்தைப் பழித்துப் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி பாதியில் கத்தியை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஒன்பது நாள் நின்றார்கள். மார்ச் 6-ஆம் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. நேரம் குறைந்தது. ஞாயிறு கிடைத்தது. சென்னையில் 1918-ல் தொழிற்சங்கம் அமைவதற்குப் பத்து வருஷம் முன்பு, தொழிற்சங்கச் சட்டம் வந்த 1926-க்குப் பதினெட்டு வருஷம் முன்பு, சங்கம் என்ற பெயர்ப் பலகைகூட இல்லாமல் இதைச் செய்தார்கள்.

சர்க்கார் பொறுக்குமா? மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் மில் தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல. தங்களுக்காகப் பேசியவரை விடு என்பதற்காக. திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளிகள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தை நாடு அறியும். அது அதே வருஷம் ஜூலையில் நடந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பே தாமிரபரணிச் சீமைத் தொழிலாளி வழி காட்டிவிட்டான். வ.உ.சி.க்கு முதலில் விதித்த தண்டனை நாற்பது வருஷம். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். தொழிலாளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டி உட்காரும்போது இதை ஒரு தடவை நினையுங்கள்.

மலைமேல் எழுந்த அணைகள்

இனி மறுபடி மலைக்கு வருவோம். அருவியின் இறக்கத்தை மில்காரன் ஒருவன் பயன்படுத்தியதைப் பார்த்த சர்க்கார், அதையே பெரிய அளவில் செய்ய நினைத்தது. பைக்காராவில் 1932-ல் மின்சாரம். மேட்டூரில் 1937-ல் மின்சாரம். அடுத்தது பாபநாசம். 1938-ல் வேலை தொடங்கிற்று. உலக யுத்தத்துக்கு நடுவே வேலை நடந்து, 1944-ல் மின்சாரம் வந்தது. அணையின் முழுக் கொள்மட்டம் 143 அடி. கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி.

அதன் பிறகு மணிமுத்தாறு. நாடு விடுதலை பெற்ற பின், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டி, 1958-ல் நிறைவேறிய அணை. முன்பெல்லாம் வடகிழக்குப் பருவத்தில் அந்த ஆற்று வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும். அதைப் பிடித்து வைத்து வறண்ட பூமிக்கும் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டினார்கள். உயரக் கணக்கு 118 அடி. கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. 1980-களில் சேர்வலாறு அணை வந்தது. அதற்கு 156 அடி. அதற்கும் பாபநாசம் அணைக்கும் நடுவே மலையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் தண்ணீர் மற்றதற்குப் போகும்.

என் பாட்டனார் மணிமுத்தாற்றில் கல் உடைத்தவர். மழை பெய்து அணை நிரம்பிய செய்தி பேப்பரில் வந்தால் என்னைப் படிக்கச் சொல்வார். "நூத்தி பதினெட்டு" என்று நான் படித்ததும், தன் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். வேறொன்றும் பேச மாட்டார். அணையைத் திறந்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். அணையைக் கட்டியவனுக்குக் கல் வெட்டியது உள்ளங்கையில்தான்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட மலை. அங்கே கொழுந்து பறித்த தொழிலாளிகள் 1999-ல் கூலி உயர்வு கேட்டும், சிறையில் கிடந்த தங்கள் தோழர்களை விடுதலை செய்யக் கேட்டும் ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தார்கள். அது ஜூலை 23. போலீஸ் தடியடியில் விரட்டப்பட்டு ஆற்றில் விழுந்து பதினேழு பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் இருவர். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. மலையில் அவர்கள் பார்த்து வளர்ந்த ஓடையின் தண்ணீர்தான் கீழே அவர்களை வாங்கிக்கொண்டது. இந்த ஆற்றின் சரித்திரத்தை எழுதுகிறவன் அணையின் அடிக்கணக்கை எழுதிவிட்டு இந்தப் பதினேழை விட்டுவிட்டால், அவன் எழுதியது பாதிச் சரித்திரம்.

மில் தண்ணீரைக் குடிக்கிறதா?

இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். மில்லுக்காகத் தண்ணீரை அடைத்து வைக்கிறான் என்றாரே என் அப்பா, அது சரியா?

நிதானமாக யோசித்துப் பாருங்கள். அருவியில் ஓடிய பழைய மில் தண்ணீரிடம் என்ன வாங்கிற்று? அதன் இறக்கத்தை வாங்கிற்று. அதன் வேகத்தை வாங்கிற்று. தண்ணீரை வாங்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்தத் தண்ணீர் மறுபடி ஆற்றுக்கு வந்தது. மின் நிலையமும் அப்படியே. அணைத் தண்ணீர் குழாயில் இறங்கி, யந்திரத்தைச் சுற்றி, ஆற்றில் சேர்ந்து, கோடைமேலழகியானுக்கும் நதியுண்ணிக்கும் கன்னடியனுக்கும் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் மின்சாரமாகவும் ஆகிறது, நெல்லாகவும் ஆகிறது. அந்த மின்சாரம் மில்லின் கதிரையும் சுற்றுகிறது. கிணற்றுப் பம்பு செட்டையும் சுற்றுகிறது.

மில்லுக்கு வேண்டியது தண்ணீரின் இறக்கம். வயலுக்கு வேண்டியது தண்ணீர். ஒன்று மற்றதைத் தின்னவில்லை. அப்படியானால் தகராறு எங்கே வருகிறது? நேரத்தில் வருகிறது. எந்த நாளில் திறப்பது, எவ்வளவு திறப்பது, எத்தனை நாள் திறப்பது? காருக்கு ஜூனில் தண்ணீர் வேண்டும். பத்து நாள் தாமதித்தால் நாற்று முற்றிவிடும். நடவுக் கூலி போய்விடும். கார் பிந்தினால் பிசானமும் பிந்தும். அறுவடை மழையில் மாட்டும். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்போது தலைமடையில் களையெடுப்பே முடிந்திருக்கும். இந்த நாளையும் அளவையும் முடிவு செய்கிற மேசையில் யார் உட்காருகிறார்கள்? நிலத்துக்காரர் உட்காருகிறார், அதிகாரி உட்காருகிறார். நடுகிறவள் உட்காருகிறாளா? கதிர் ஓட்டுகிறவன் உட்காருகிறானா? இல்லை. அங்கே நம் இருவருக்கும் இடம் இல்லாதபோது, இங்கே திண்ணையில் நாம் ஒருவரையொருவர் குற்றம் சொல்கிறோம்!

தண்ணீரை உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போகிற வேலைகளும் உண்டு. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். கங்கைகொண்டானில் குளிர்பானக் கம்பெனிகளுக்கு இந்த ஆற்றின் தண்ணீர் போவதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளித் தடையை நீக்கியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் கடைமடை விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பாட்டிலில் அடைத்து லாரியில் ஏற்றிய தண்ணீர் கன்னடியனுக்குத் திரும்பி வருமா? வராது. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வரும். இந்த வித்தியாசத்தை மில் தொழிலாளி விவசாயத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். விவசாயத் தொழிலாளி மில் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவனும் நம் தோழன்தான். அவன் அடுப்பை அணைக்க நாம் சொல்லவில்லை. முதலில் குடிநீர், பிறகு பயிர், அதற்குப் பிறகுதான் மற்றது என்று வரிசை வேண்டும் என்கிறோம். அந்த வரிசையை யாரும் இருட்டில் மாற்றக் கூடாது என்கிறோம்.

இரண்டு சட்டம், ஒரு வருஷம்

பிரித்து வைக்கும் வேலை தண்ணீரோடு நிற்கவில்லை. 1948-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தொழிற்சாலைச் சட்டம். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. இன்னொன்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதில் விவசாயத்தையும் சேர்த்தார்கள். முதல் சட்டம் மில்லுக்குள் வந்தது. ஏனென்றால் மில்லுக்குள் சங்கம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஆயிரம் பேர் நின்றார்கள். சங்கு ஊதினால் கூடினார்கள். இரண்டாவது சட்டம் வரப்பில் ஏறவே வருஷக் கணக்காயிற்று. வயலில் சங்கு இல்லை. இருபது பேர் இந்த வயலில்; பத்துப் பேர் அந்த வயலில். ஒரு வயலில் கூலி கேட்டால் அடுத்த ஊர் ஆளைக் கூட்டி வந்துவிடுவான் பண்ணையார்.

ஆகவே மில் தொழிலாளித் தோழர்களே, உங்கள் பாட்டனும் வயலிலிருந்து வந்தவர்தான். நீங்கள் வாங்கிய எட்டு மணி நேரம் உங்கள் தங்கைக்கு வயலில் கிடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே, மில்லில் ஆள்குறைப்பு என்றால் அந்தக் கை நாளைக்கு உங்கள் வயலுக்குத்தான் கூலி தேடி வரும். உங்கள் கூலியும் இறங்கும். மில்லில் விழும் அடி வயலில் வலிக்கும். வயலில் கருகும் நாற்று மில் தொழிலாளியின் அரிசி விலையில் தெரியும்.

செய்ய வேண்டியது

பெரிய வார்த்தை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மூன்று சின்ன வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது: அணை திறக்கும் நாளையும் அளவையும் முடிவு செய்வதற்கு முன், மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும். இரண்டு கையெழுத்து ஒரே காகிதத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது: கால்வாய் அடைப்புக் காலத்தில் தூர் எடுக்கிறார்களா, மடை சரியாக இருக்கிறதா, கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று இரண்டு பக்கத்துத் தோழர்களும் சேர்ந்து கரையோடு ஒரு நாள் நடக்க வேண்டும். கதிரில் இழை அறுந்தால் கண்டுபிடிக்கிற கண்ணுக்குக் கரையில் கசிவு தெரியாமல் போகாது.

மூன்றாவது: ஊரில் இன்னும் சில கிழவர்களும் கிழவிகளும் இருக்கிறார்கள். அணையில் கல் சுமந்தவர்கள், பழைய மில்லில் வார் மாட்டியவர்கள், மடை காத்தவர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து அவர்கள் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி. கல்வெட்டு நம்மிடம் இல்லை. நோட்டுப் புத்தகம் எட்டணாவுக்குக் கிடைக்காவிட்டாலும் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது.

என் அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மாமா இருக்கிறார். போன தடவை பார்த்தபோது அந்தத் திண்ணைச் சண்டையை ஞாபகப்படுத்தினேன். சிரித்தார். "அன்னைக்கு அத்தான் கேட்டாருல்லா, பம்பு செட்டு என்னுதான்னு? அந்தக் கேள்விய நாங்க திண்ணையில கேட்டுட்டு அங்கேயே விட்டுட்டோம்ல" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்வியைத் திண்ணையில் விட்டுவிடாதீர்கள். மடைக்கு எடுத்துப் போங்கள். மில் வாசலுக்கு எடுத்துப் போங்கள். ஒன்றாக எடுத்துப் போங்கள்.